தாங்குதிறன் சோதனை

இந்த ஊரில் கத்தி வாங்கலாம், கடப்பாரை வாங்கலாம், ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கணினிக்கு ஹார்ட் டிஸ்க் ஒன்றே ஒன்று தனியாக வாங்க வேண்டுமென்றால் மட்டும் முதலில் பேரவைக்குப் போக வேண்டும். அங்கே அடி வாங்காமல் வெளியே வந்தவர்கள் குறைவு. இது எனக்குத் தெரியாமல் போனதால்தான் இவ்வளவும்.

என் தொழில் பல் செட் கட்டுவது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது டாக்டரின் வேலை. அவர் எடுத்தனுப்புகிற அச்சில் பிளாஸ்டர் வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, கடி பார்த்துத் திருப்பியனுப்புவது என் வேலை. முப்பது வருடமாக மனிதர்களை எனக்குத் தாடை வழியாகத்தான் தெரியும். நகக்கண்ணில் எப்போதும் பிளாஸ்டர் இருக்கும். "கையைக் கழுவுனீங்களா?" என்று கேட்டுக் கேட்டே என் மனைவி இருபத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தினாள்.

இப்போது கேட்பதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. கழுத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் மாட்டியிருக்கிறாள். ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசித்தவள் அவள். "இரண்டாவது நடைமேடைக்குச் செல்லவும்" என்று அவள் சொன்னால், முதலாவது நடைமேடையில் தூங்கிக்கொண்டிருந்தவன்கூட எழுந்து போவான்.

அவளுக்கு வீடியோ எடுக்கும் பைத்தியம் உண்டு. மகள் தவழ்ந்தது, மகளுக்குப் பல் விழுந்தது, நான் பல் கட்டியது, மழை பெய்தது, பெய்யாதது, எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள். இருபது வருடப் படம். ஒன்றில்கூட அவள் முகம் கிடையாது. கேமராவுக்குப் பின்னால் குரல் மட்டும்தான். அத்தனையையும் என் மச்சினன் ஒரே பெரிய டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, பழையதையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டான். தினமும் சாயந்திரம் ஒரு மணி நேரம் அவள் அந்த டிஸ்க்கைப் போட்டுத் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருப்பாள். நான் அந்த நேரத்தில் பட்டறையில் இருந்துகொள்வேன். பார்க்க முடியாது.

ஒரு நாள் பலகையோடு வந்து நின்றாள். 'டிஸ்க் டிக்டிக்னு சத்தம் போடுது. இன்னொண்ணு வாங்கி காப்பி பண்ணிடுங்க.'

இந்தக் கதையில் அறிவுள்ள பேச்சு அது ஒன்றுதான். மீதியெல்லாம் அனுபவஸ்தர்கள் பேசியது.

கடைக்காரருக்கு வலது கையில் இரண்டு விரலுக்கு மாவுக்கட்டு போட்டிருந்தது. "ஒரு பெரிய டிஸ்க் வேணும்" என்றேன்.

"எத்தனை?"

"ஒண்ணு."

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். "அண்ணே, மெதுவா கேளுங்க. போன மாசம் ஒருத்தருக்கு ஒண்ணு குடுத்தேன். அதுக்குத்தான் இது" என்று விரல்களைக் காட்டினார். "ஒத்த டிஸ்க் விக்கிறது துரோகமாம். அது போச்சுன்னா எல்லாம் போச்சாம்."

"யாரு சொல்றா?"

"பேரவை."

"போலீஸ்ல சொல்லலையா?"

"இன்ஸ்பெக்டரே பேரவையில எட்டு டிஸ்க் அணி அண்ணே." குரலை இன்னும் தாழ்த்தினார். "என்னென்ன பாகம் வாங்கணும்னு பேரவை பட்டியல் போட்டுக் கடிதம் தருவாங்க. அதைக் கொண்டாங்க, எட்டு வேணாலும் எடுத்துத் தரேன். இதுவரைக்கும் யாரும் கொண்டாந்ததில்ல. உங்களுக்கு இருக்கிறதெல்லாம் சொந்தப் பல்லுதானே?"

தொழில் தெரிந்து அன்பாக விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இல்லச் சேமிப்பாளர் பேரவை ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வாசல் பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குக் காதில் கட்டு, ஒருவருக்குக் கழுத்தில் பட்டை, மற்ற இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். சுவரில் கொட்டை எழுத்தில் 'ஒரு நகல் நகலே அல்ல' என்று எழுதியிருந்தது. அதன் கீழே முதலுதவிப் பெட்டி என்று ஒன்று இருந்தது. பெட்டி என்று எழுதியிருந்தார்களே தவிர அது ஆள் உயர அலமாரி.

செயலாளர் அம்மாளின் மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. குரல் மட்டும் பால் மாதிரி இருந்தது. "பல டிஸ்க்கைச் சேர்த்து வீட்டுக்கு ஒரு சேமிப்புப் பெட்டி கட்டுறது விளையாட்டு இல்ல சார். பெட்டிக்கு ஒரு துணைக்குழு, மெமரிக்கு ஒண்ணு, பவர் சப்ளைக்கு ஒண்ணு, ஃபேனுக்கு ஒண்ணு. கடைசியில எத்தனை டிஸ்க்னு பொதுக்குழு தீர்மானிக்கும். ஒவ்வொரு பாகமும் அடி தாங்கி வரணும்."

"அடின்னா?"

"விவாதம்" என்றார்.

விண்ணப்பம் முப்பத்தொரு பக்கம். பதினான்காவது கேள்வி: 'தங்கள் தரவு அழிந்தால் அழுவீர்களா? ஆம் எனில் எத்தனை நாட்கள்?' பத்தொன்பதாவது பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு விதி: 'விண்ணப்பம் நிலுவையில் உள்ளபோது தற்காலிக நகல் எடுப்பவர் பேரவையின் எதிரியாவார்.' எதிரியானால் என்ன ஆகும் என்று கேட்க வாயெடுத்தேன். பெஞ்சில் கழுத்துப் பட்டைக்காரர் மெல்லத் தலையை ஆட்டினார். அவரால் அவ்வளவுதான் ஆட்ட முடிந்தது.

தரவை வகைப்படுத்தப் பதினொரு விநாடி மாதிரி ஒன்று வேண்டுமென்றார்கள். மறுநாள் பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் எனக்கும் அப்போது எட்டு வயதான மகளுக்கும் தலையணைச் சண்டை நடக்கிறது. கேமராவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல்: "போதும், நிறுத்துங்க. சத்தம் கேக்குதா, கேக்கலையா? கையைக் கழுவிட்டு வாங்க ரெண்டு பேரும், சாப்பிடலாம்."

செயலாளர் அதை ஏற்றிவிட்டு, பென்டிரைவைத் தன் மேஜைக்குள் போட்டுக்கொண்டு திரையைக் காட்டினார். "பேரவையோட பதினெட்டுப் பெட்டியிலயும் ஏறியாச்சு. ஒவ்வொண்ணுலயும் நாலு காப்பி. இடியே விழுந்தாலும் போகாது."

எனக்கு ஒரே சந்தோஷம். "அப்போ முழு டிஸ்க்கையும் இப்படியே ஏத்திடுங்களேன்மா. டிக்டிக்குது, பயமா இருக்கு."

புத்தி சரியில்லாதவனைப் பார்ப்பதுபோல் இரக்கத்தோடு பார்த்தார். "பட்டியலுக்கு அனுமதி வராமயா?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் எழுதினாள்: 'பென்டிரைவ் பத்து வாங்குவோம். முக்கியமானதை மட்டும் காப்பி பண்ணுவோம்.' நான் பத்தொன்பதாம் பக்கத்தைச் சொன்னேன். கடைக்காரரின் விரலைச் சொன்னேன். அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்: 'என் குரல். என் டிஸ்க். யார் அவங்க?'

நான் பயந்தாங்கொள்ளி, அதை ஒத்துக்கொள்கிறேன். நான் இல்லாத நேரத்தில் அவள் ஏதாவது செய்துவிடுவாளோ என்று டிஸ்க்கை எடுத்துப் பட்டறை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மகா கேவலமான காரியம் அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். அதைவிடப் பெரியது பின்னால் காத்திருந்தது.

துணைக்குழுக்களை வரிசையாகப் பார்த்தேன். பெட்டித் துணைக்குழுவில் கறுப்புப் பெட்டிக்காரர் ஒருவர், வெள்ளைப் பெட்டிக்காரர் ஒருவர். பேச்சு முற்றியதும் கறுப்பு வெள்ளையைத் தலைகீழாகத் தூக்கித் தன் பெட்டிக்குள் தோள்வரை திணித்து மூடியை அழுத்தினார். உள்ளே கொஞ்ச நேரம் உதைக்கும் சத்தம் கேட்டது. செயலாளர் குறிப்பேட்டில் 'கொள்ளளவு போதுமானது' என்று எழுதிக்கொண்டார்.

மெமரித் துணைக்குழுவில், பிழை திருத்தும் மெமரி என்று ஒன்று இருப்பதாகவும் அது இல்லாமல் வாழ்வது மானக்கேடு என்றும் சொன்னார்கள். பிழை திருத்துவது என்றால் எப்படி என்று கேட்டேன். அறைந்து காட்டினார்கள். என்னை இல்லை, சாதா மெமரியே போதும் என்று சொன்னவரை. நான் விண்ணப்பதாரர் என்பதால் மரியாதை. சாதா மெமரிக்காரர் தன் கருத்தை ஏழு முறை சொன்னார். ஏழாவது முறை கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. கைக்குட்டையில் எடுத்து வைத்துக்கொண்டேன். தொழில் பழக்கம்.

பவர் சப்ளைத் துணைக்குழு வட்டமாக நின்று கையைக் கோத்துக்கொண்டு வேலை பார்க்கிறது. கடைசி ஆள் விழுந்தால் பவர் போதும் என்று அர்த்தம். ஃபேன் துணைக்குழுவில் சேர ஒரு தகுதி உண்டு, முன்பு பத்து விரல் இருந்திருக்க வேண்டும். ஃபேன் சத்தம் போடக் கூடாது என்பது ஒரு கட்சி, காற்று வந்தால் போதும் என்பது இன்னொரு கட்சி. எந்த ஃபேன் சத்தம் போடாததோ அதற்குள் எதிர்க்கட்சிக்காரர் கையைப் பிடித்து விட்டார்கள். ஃபேன் சத்தம் போடவில்லை என்பது உண்மைதான். அவர் போட்ட சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

இதற்குள் ஆறு வாரம் ஓடியிருந்தது. இழுப்பறையில் டிஸ்க் இருந்தது. வீட்டில் சாயந்திரங்களில் ஒரு சத்தமும் இல்லை. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து பலகையை மடியில் கவிழ்த்து வைத்திருப்பாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பொதுக்குழுவுக்குத் தேதி கேட்டு நச்சரித்தேன்.

பொதுக்குழு அன்று மூல டிஸ்க்கைக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. கொண்டுபோனேன். அவள் தைத்த துணிப்பையில் வைத்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனேன்.

மண்டபத்தின் இடது பக்கம் ஆறு டிஸ்க் அணி, வலது பக்கம் எட்டு டிஸ்க் அணி, நடுவில் ஸ்ட்ரெச்சர் போக வழி. மேடையில் தலைவர். ஆள் வாட்டசாட்டம். சிரித்தார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. முப்பத்திரண்டும் சொந்தப் பல், ஒன்றுகூட முன்னே பின்னே இல்லை. அப்படி ஒரு கடியை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை.

"பேரவை ஆரம்பிச்சுப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு" என்று தொடங்கினார். "இந்தப் பன்னிரண்டு வருஷத்துல நாம அனுமதிச்ச பெட்டி ஒண்ணாவது பழுதாயிருக்கா? இல்ல. ஒரே ஒருத்தரோட டேட்டாவாவது தொலைஞ்சிருக்கா? இல்ல. ஏன்? நாம இதுவரைக்கும் எதையுமே அனுமதிச்சதில்ல. இந்தக் கட்டுப்பாடு வேற எந்த அமைப்புக்காவது வருமா? அனுமதி இல்லாம வீட்டுல சும்மா இருந்தவங்க டேட்டா தொலைஞ்சிருக்கு. அது அவங்க அவசரம். வெளியில நம்மள ரவுடிங்கன்னு சொல்றாங்க. நாம யாரையும் வீணா அடிச்சதில்ல. ஒவ்வொரு அடிக்கும் குறிப்பேட்டுல நம்பர் இருக்கு."

இரண்டு அணியும் கை தட்டின. கை இருந்தவர்கள் தட்டினார்கள்.

பிறகு பரிசோதகரை அழைத்தார்கள். அவர் பெயர் என்னவோ, எல்லோரும் சுத்தியல் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கையை நீட்டினார். "குடுங்க. தாங்குதிறன் சோதனை. இடுப்பு உயரத்துல இருந்து கீழ போடுவோம்."

"விழுந்து உடைஞ்சா?"

"நம்பகமில்லாத டிஸ்க்குன்னு நிரூபணம் ஆயிடும்."

"உடையலைன்னா?"

"தோள் உயரத்துல இருந்து போடுவோம்."

தரமாட்டேன் என்றேன். சுத்தியல் பையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. அந்த இழுபறியில் ஆறு டிஸ்க் அணியில் யாரோ, "ஆறு போதும்னு முன்னாடியே சொன்னோம், கேட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான். எட்டிலிருந்து ஒரு நாற்காலி பறந்து வந்தது.

அடுத்த பத்து நிமிடம் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. பவர் கேபிளால் ஒருவர் கழுத்தை ஒருவர் இறுக்கினார்கள். மதர்போர்டின் விளிம்பால் ஒருவர் இன்னொருவரின் நெற்றியைக் கிழித்தார். இரத்தம் கண்ணில் வழிய அவர், "இந்த போர்டுல எட்டு டிஸ்க் செருக இடமே இல்லடா" என்று வாதத்தை விடாமல் தொடர்ந்தார். ஃபேன் துணைக்குழுத் தலைவரை நான்கு பேர் தூக்கி இரும்பு அலமாரியில் மோதினார்கள். எனக்கு முதுகில் இரண்டு, விலாவில் ஒன்று விழுந்தது. குனிந்து பையைக் காத்துக்கொண்டேன். செயலாளர் அம்மாள் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது சாதா மெமரிக்காரரை யாரோ தூக்கி எறிந்தார்கள். அவர் போய்ச் செயலாளரின் கணினி மேல் விழுந்தார். மண்டபத்தின் நான்கு ஸ்பீக்கரிலும் என் மனைவி பேசினாள்.

"போதும், நிறுத்துங்க. சத்தம் கேக்குதா, கேக்கலையா? கையைக் கழுவிட்டு வாங்க ரெண்டு பேரும், சாப்பிடலாம்."

மண்டபம் நின்றுவிட்டது. ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. கேபிளை இறுக்கியவர் தளர்த்தினார், இறுக்கப்பட்டவர் இருமிக்கொண்டே அவரைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். ஏழெட்டுப் பேர் வராந்தாக் குழாய்க்குப் போய் வரிசையில் நின்றார்கள். சுத்தியலும் என் பையை விட்டுவிட்டுப் போனார். ரயில் நிலையத்தில் இருபது வருடம் வாசித்த குரல் சும்மா போகுமா. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருமையாக இருந்தது.

தலைவர் மேடையிலிருந்து இறங்கி என் எதிரில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "நல்ல விவாதத்தைக் கெடுத்த அந்தப் பொம்பளை யாரு?" என்றார். "செயலாளர், அதை அழிங்க. எழுபத்திரண்டு காப்பியையும் அழிங்க."

நான் அடித்தேன்.

கையில் என்ன இருந்ததோ அதால் அடித்தேன். முப்பது வருடமாகத் தாடையைப் படித்தவன், எங்கே அடித்தால் எது போகும் என்று யோசிக்க வேண்டியதில்லை. மேல் வெட்டுப்பல் நாலும், இடது கோரைப்பல்லும், கீழே மூன்றும் போயின. ஒன்று போதாமல் இரண்டாவதும் மூன்றாவதும் அடித்தேன். அவர் உட்கார்ந்த பிறகும் ஒன்று அடித்தேன். அதற்குப் பிறகுதான் கையில் இருந்தது என்ன என்று பார்த்தேன்.

பையை மெல்ல ஆட்டினேன். உள்ளே கண்ணாடித் தூள் மாதிரி சலசலத்தது.

செயலாளர் அம்மாள் எழுதிக்கொண்டே பால் குரலில் வாசித்தார். "விண்ணப்பதாரர் தாங்குதிறன் சோதனையைத் தானே முன்வந்து நடத்தினார். நான்கு முறை. முடிவு: ஒற்றை டிஸ்க் நம்பத்தக்கதல்ல என்ற பேரவையின் கொள்கை நிரூபணமானது." தரையிலிருந்து தலைவர் வாயைப் பொத்திக்கொண்டு கட்டைவிரலை உயர்த்தினார். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாகப் பேரவை ஒரு பட்டியலுக்கு அனுமதி கொடுத்தது. எட்டு டிஸ்க், கறுப்புப் பெட்டி, சத்தம் போடாத ஃபேன். முத்திரை குத்திய கடிதத்தை என் கையில் கொடுத்தார்கள். கடிதத்தில் என் கைரேகை சிவப்பாகப் பதிந்தது.

மாதிரியை அழித்தீர்களா என்று கேட்டேன். தீர்மானம் நிறைவேற்றாமல் எதையும் அழிக்க முடியாதாம். சரி, எனக்கு ஒரு காப்பி கொடுங்கள் என்றேன். தீர்மானம் இல்லாமல் கொடுக்கவும் முடியாதாம். "அது பேரவையோட சொத்து சார். இங்க பத்திரமா இருக்கும்" என்றார்.

வீட்டுக்குப் போய்ப் பையை மனைவியின் மடியில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன், ஒன்றும் மறைக்கவில்லை. அவள் பையை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். பிறகு கழுத்திலிருந்து பலகையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டாள். ஒன்பது நாள் அதைத் தொடவில்லை. திட்டி எழுதுவாள் என்று காத்திருந்தேன், எழுதவில்லை. என் வீட்டில் குரல் இரண்டாவது தடவை போனது அப்போதுதான். இந்தத் தடவை நான் எடுத்தது.

பத்தாவது நாள் டாக்டரிடமிருந்து ஓர் அச்சு வந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்தத் தாடையை நான் மறப்பேனா. ராப்பகலாக உட்கார்ந்து, நான் கட்டியதிலேயே அழகான செட்டைக் கட்டினேன். போன பல்லைவிட நன்றாக இருந்தது. டாக்டரிடம் அனுப்பாமல், கடி பார்க்க வேண்டும் என்று தலைவரைப் பட்டறைக்கே வரச் சொன்னேன்.

வந்தார். செயலாளரும் கூட வந்தார், தலைவர் பேச்சில் காற்றுதான் நிறைய வந்தது, அதை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. செட்டைப் பார்த்ததும் தலைவரின் கண் கலங்கிவிட்டது. கை நீட்டினார். நான் அதை மேஜை நடுவில் வைத்தேன். பிளாஸ்டர் உடைக்கிற சுத்தியலை எடுத்து அதன்மேல் லேசாகச் சாய்த்து வைத்தேன்.

"தாங்குதிறன் சோதனை" என்றேன். "இடுப்பு உயரத்துல இருந்து ஆரம்பிப்போமா?"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் குறிப்பேட்டைத் திறந்தார். அந்த இடத்திலேயே அவசரத் தீர்மானம் ஒன்று நிறைவேறியது. செயலாளர் போய் அந்தப் பதினொரு விநாடியின் காப்பியை அரை மணி நேரத்தில் கொண்டுவந்தார். நான் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பல்லைக் கொடுத்தேன். தலைவர் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். "இது ஒரே ஒரு செட்தானே?" என்று கவலையாகக் கேட்டார். "இன்னொண்ணு பண்ணி வைக்க முடியாதா?"

"பட்டியலுக்கு அனுமதி வாங்கிட்டு வாங்க" என்றேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் பென்டிரைவ் பத்து வாங்கினேன். பத்திலும் ஏற்றினேன். பதினொரு விநாடிதான், ஒன்றிலேயே போதும். இருந்தாலும் அவள் பத்து என்றுதானே எழுதியிருந்தாள்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு பென்டிரைவைச் செருகிப் போட்டேன். தலையணைச் சத்தம், மகளின் சிரிப்பு, பிறகு அவள். "போதும், நிறுத்துங்க." அவள் திரும்பவில்லை. முடிந்ததும் எழுந்து வந்து தானே மறுபடி போட்டாள். இந்த முறை அவள் உதடும் கூடவே அசைந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. என் நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவரின் பல்லுக்கு வார்த்த பிளாஸ்டர் அங்கே அப்படியே காய்ந்திருந்தது.

எழுந்து போய்க் கையைக் கழுவினேன். பிளாஸ்டர் போக நேரம் பிடித்தது. நான் திரும்பி வருவதற்குள் அவள் அதை ஆறு தடவை போட்டுவிட்டாள்.